ஏற்காட்டுக்கு வீல்சேரில் போகலாமா? மாற்றுத்திறனாளிகளும் குடும்பத்தாரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

என் அக்கா வீல்சேரில் இருப்பவர். வீடு சேலத்தில். அதனால் தெரிந்தவர்கள், தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று பலரும் மலைக்குக் கிளம்பும் முன் எங்களைக் கூப்பிட்டுக் கேட்பார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும் நாங்கள் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். வீல்சேரில் இருப்பவர்களுக்கு மட்டுமல்லாமல் பார்வையற்றோர், காது கேளாதோர், ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் ஆகியோருக்கும் சேர்த்துத்தான்.

காரிலேயே ஒரு சுற்று சுற்றிக் காட்டிவிட்டு வந்தால் போதாதா?

போதாது. "நீ வண்டியிலேயே இரு, நாங்க ரெண்டு நிமிஷத்துல வந்துடறோம்" என்ற பேச்சைக் கேட்காத மாற்றுத்திறனாளி யாரும் இருக்க முடியாது. ரெண்டு நிமிஷம் முக்கால் மணி நேரமாகும். கண்ணாடி ஏற்றிய காருக்குள் உட்கார்ந்து பார்க்கும் ஏரிக்கும் செல்போனில் பார்க்கும் ஏரிக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. காற்று முகத்தில் படவேண்டும், கால் மண்ணில் படவேண்டும், போரடிக்கும் வரை ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். அப்போதுதான் அது வெளியே போய்வந்த கணக்கு.

இதில் எங்கள் அனுபவம் ஒன்றுதான். மலை யாரையும் தடுப்பதில்லை. ஐயாயிரம் அடி உயரத்துக்குக் கார் ஏறிவிடுகிறது. வண்டிக் கதவைத் திறந்த பிறகு வரும் கடைசி ஐம்பது அடியில்தான் எல்லாச் சிக்கலும். டிக்கெட் கவுன்டருக்கு முன் ஒரு படி, ஜல்லி கொட்டிய பாதை, பைக் நுழையாமல் இருக்க வைத்த வளைந்த இரும்புக் கேட், பூட்டிக் கிடக்கும் கழிப்பறை. கீழே வரும் பதில்களில் பாதி அந்த ஐம்பது அடியைப் பற்றியதுதான்.

எந்த வழியாக ஏறுவது? வளைவுகளில் உட்கார முடியுமா?

சேலத்திலிருந்து ஏற்காடு சுமார் 30 கிலோமீட்டர். அடிவாரம் தாண்டியதும் 20 கொண்டை ஊசி வளைவுகள். இடுப்புக்கு மேலே உடம்பைத் தானே நிமிர்த்திப் பிடிக்க முடியாதவர்கள், அதாவது முதுகுத்தண்டில் அடிபட்டவர்கள், மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைகள், ஒவ்வொரு வளைவிலும் சரிவார்கள். சீட் பெல்ட் மட்டும் இதற்குப் போதாது. பின் சீட்டில் நடுவில் உட்கார வைத்து இரண்டு பக்கமும் ஆள் இருந்து பிடித்துக்கொள்வது வழக்கம்; அதைவிட முன் சீட்டைக் கொஞ்சம் பின்னால் சாய்த்து, துண்டை இறுக்கமாகச் சுருட்டி விலாவுக்கு இரண்டு பக்கமும் செருகுவது நல்லது. பிடிக்கிறவருக்கும் கை கடுக்காது, உட்காருகிறவருக்கும் பொட்டலம் மாதிரி நடத்தப்படுகிறோம் என்ற எரிச்சல் இருக்காது.

வாந்தி வரும் வழக்கம் உள்ளவர்கள் காலையில் இட்லி இரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வாந்தி மாத்திரை சிலருக்குத் தூக்கத்தைக் கொடுக்கும். வலிப்புக்கோ தசை இறுக்கத்துக்கோ மருந்து எடுப்பவர்கள் டாக்டரிடம் கேட்காமல் போடாதீர்கள்.

குப்பனூர் வழியாகவும் ஒரு மலைப்பாதை இருக்கிறது. சேலம் டவுனிலிருந்து வருபவர்களுக்குக் கொஞ்சம் சுற்று. அடிவாரப் பாதையில் மண் சரிந்தால் அதுதான் கைகொடுக்கும். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் சரிவு ஏற்பட்டது நினைவிருக்கலாம். கூட்ட நாட்களில் ஏற ஒரு பாதை, இறங்க ஒரு பாதை என்று போலீசார் பிரித்துவிடுவதும் உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் போகிறீர்கள் என்றால் காலையில் பாதை நிலவரத்தைக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். பாதி வழியில் திரும்ப நேர்ந்தால் மற்றவர்களுக்கு ஒரு மணி நேரம் வீண். உங்களுக்கோ கழிப்பறை, மருந்து, மாற்று உடை என்று ஒரு நாள் திட்டமே கலைந்துவிடும்.

பஸ்ஸில் போகலாம், ஆனால் படியேற முடிந்தவர்களுக்குத்தான். சென்னையில் 2024 ஆகஸ்ட் முதல் தாழ்தளப் பேருந்துகள் ஓடுகின்றன. மலைப்பாதையில் இன்னும் அதே உயரப் படிதான்.

அரசு கொடுத்த இணைப்புச் சக்கர ஸ்கூட்டரில் மலை ஏறலாமா?

ஏறுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் இரு சக்கர வண்டியும் இதுவும் ஒன்று என்று நினைத்துவிடாதீர்கள். பைக்கை வளைவில் சாய்த்து ஓட்டலாம். பக்கத்துக்கு ஒரு சக்கரம் பூட்டிய பிறகு வண்டி சாயாது; வேகமாகத் திருப்பினால் உடம்பு வெளிப்பக்கம் தள்ளும், உள்பக்கச் சக்கரம் தரையை விட்டு எழும்பும். ஆகவே கொண்டை ஊசியில் நடந்துபோகும் வேகம்தான். இறங்கும்போது இன்னொரு பிரச்சினை. கியர் இல்லாத வண்டி என்பதால் இறக்கத்தில் இன்ஜின் பிடிப்பு குறைவு, பாரம் முழுவதும் பிரேக்கின் மேல். தொடர்ந்து பிரேக்கை அமுக்கிக்கொண்டே வந்தால் சூடேறிப் பிடிப்பு குறையும். இடையிடையே ஓரமாக நிறுத்தி ஆறவிடுங்கள். பின்னால் ஆள் ஏற்ற வேண்டாம், மூடுபனி இறங்கிய பிறகு ஓட்ட வேண்டாம். தனியாகப் போகாமல் கூட ஒரு வண்டி இருந்தால் நல்லது.

மேலே எந்த இடங்கள் சரிப்படும்? எவை சரிப்படாது?

முதலில் சரிப்படாததைச் சொல்லிவிடுகிறேன், ஏமாற்றம் குறையும். கிளியூர் அருவி வீல்சேருக்கு ஆகாது. செங்குத்தாக இறங்கும் பாதை, ஈரப் பாறை. "நாலு பேர் சேர்ந்து தூக்கிடலாம்" என்று யாராவது கிளம்பினால் மறுத்துவிடுங்கள். தூக்குகிறவர் வழுக்கினால் இரண்டு பேருக்கும் அடி. ஊன்றுகோல் வைத்து நடப்பவர்களுக்கும் அது வேண்டாம். கரடிக் குகையும் அப்படித்தான்.

சேர்வராயன் கோயில் இந்த மலையின் உச்சியில், 1,600 மீட்டருக்கு மேல். உச்சி தட்டையானது, வண்டி மேலே வரை போகிறது. சாமி இருப்பது குகைக்குள். குனிந்து நுழைய வேண்டிய இடம், வீல்சேர் போகாது. ஆனாலும் அந்த மேட்டு வெளியில் நின்றாலே போதும் என்பேன். மலையின் நான்கு பக்கமும் தெரியும், காற்று ஆளைத் தள்ளும். வைகாசியை ஒட்டி நடக்கும் திருவிழாவுக்கு மலைக் கிராமத்து மக்கள் திரண்டு வருவார்கள். அந்த நாட்களில் சக்கரம் உருட்ட இடம் இருக்காது.

ஏரியும் அதை ஒட்டிய அண்ணா பூங்காவும் ஊரின் நடுவிலேயே இருக்கின்றன. ஏரிக்கரைச் சாலை பெரிய ஏற்றம் இல்லாதது. ஞாயிற்றுக்கிழமை மதியம் அங்கே வண்டியும் கடையும் கூட்டமும் சேர்ந்துகொள்ளும். வார நாள் காலை எட்டு மணிக்கு அதே சாலையில் அக்கா தானே சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு போவார். மிளகாய் பஜ்ஜிக் கடைகள் திறக்க நேரமாகும் என்பது மட்டும்தான் குறை.

இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தோட்டம் 1963-இல் தொடங்கியது. ஆர்க்கிட் செடிகளுக்குப் பெயர் பெற்றது. செடிகளும் மரங்களும் நிறையப் பார்க்கலாம், ஆனால் தோட்டம் மலைச்சரிவில் இருப்பதால் உடன் தள்ள ஒரு பலசாலி வேண்டும். பகோடா பாயின்ட், லேடீஸ் சீட் இரண்டும் காட்சிமுனைகள். வண்டி நிறுத்தும் இடத்துக்கும் கம்பி வேலிக்கும் இடையே மேடு பள்ளம், பாறை, படி என்று ஏதாவது இருக்கும். கூட வருகிறவர் முதலில் இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வரட்டும். அதன் பிறகு வீல்சேரை இறக்குங்கள். இறக்கி, தள்ளி, முடியாது என்று தெரிந்து, மறுபடி ஏற்றுவதுதான் ஆளைச் சோர்வாக்கும்.

எனக்குப் பிடித்தது இதில் எதுவும் இல்லை. ஊரைச் சுற்றி சுமார் 32 கிலோமீட்டர் ஓடும் லூப் ரோடு. காப்பித் தோட்டம், மிளகுக் கொடி ஏறிய சில்வர் ஓக், நடுநடுவே சின்னக் கிராமங்கள். டிக்கெட் கிடையாது, கேட் கிடையாது. சாலை அகலமான ஓர் இடமாகப் பார்த்து நிறுத்தி, வீல்சேரை இறக்கி, பிளாஸ்கில் கொண்டுவந்த காப்பியைக் குடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் இருக்கலாம். சுற்றுலாத் துறை ஒன்றும் கட்டித்தராமலே அணுக முடிகிற இடம் இது. வளைவில் மட்டும் நிறுத்தாதீர்கள்.

படகில் ஏற முடியுமா?

படகு இல்லத்தைத் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் நடத்துகிறது. மிதி படகு, துடுப்புப் படகு, மோட்டார் படகு இருக்கின்றன. கால் பலம் இல்லாதவர்களுக்கு மோட்டார் படகுதான் சரி. படகில் பயணம் சுலபம், ஏறி இறங்குவதுதான் கடினம். துறைக்கும் படகுக்கும் இடையே ஒரு இடைவெளி, காலை வைத்ததும் படகு ஆடும். ஊழியர்களிடம் இரண்டு பேர் கயிற்றைப் பிடித்துப் படகைத் துறையோடு ஒட்டி வைக்கச் சொல்லுங்கள். முதலில் துறையின் விளிம்பில் உட்கார்ந்து, அங்கிருந்து படகின் இருக்கைக்கு நகர்வது, நின்றபடி காலைத் தூக்கி வைப்பதைவிடப் பத்திரம்.

மூன்று விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். போலியோவுக்குக் காலில் கேலிப்பர் என்ற இரும்புத் தாங்கி போட்டிருப்பவர்கள் அதைக் கழற்றிவிட்டு ஏறவேண்டும். தண்ணீரில் விழுந்தால் அந்த எடை இழுக்கும். யாரையும் வீல்சேரோடோ இருக்கையோடோ பெல்ட் போட்டுக் கட்டக் கூடாது. லைஃப் ஜாக்கெட் எல்லோருக்கும், சரியான அளவில்.

கழிப்பறை?

அக்காவிடம் கேட்டால் மற்ற கேள்விகளை எல்லாம் விட்டுவிட்டு இதை முதலில் வைத்திருப்பார். வெளியே கிளம்பும் நாளில் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருப்பது நம் ஊர் மாற்றுத்திறனாளிப் பெண்கள் கிட்டத்தட்ட எல்லோரும் செய்வது. தயவுசெய்து வேண்டாம். முதுகுத்தண்டுப் பாதிப்பு உள்ளவர்களுக்குச் சிறுநீர்த் தொற்று ஏற்கெனவே சுலபமாக வரும். தண்ணீரைக் குறைத்தால் இன்னும் சுலபம்.

சாதாரண வீல்சேரின் அகலம் 24 முதல் 26 அங்குலம். கையால் சக்கரத்தைத் தள்ளுவதற்குப் பக்கத்துக்கு இன்னும் ஒரு அங்குலமாவது வேண்டும். நம் லாட்ஜ்களின் குளியலறைக் கதவு பெரும்பாலும் 24, 27 அங்குலம்தான். கணக்கு இங்கேயே முடிந்துவிடுகிறது. உள்ளே திரும்ப ஐந்தடிக்கு ஐந்தடி இடம் வேண்டும், கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும். உள்ளே யாராவது விழுந்துவிட்டால் உள்பக்கம் திறக்கும் கதவை அவர் உடம்பே அடைத்துக்கொள்ளும்.

லாட்ஜுக்குப் போன் செய்து "வீல்சேர் வருமா?" என்று கேட்டால் "தாராளமா வாங்க சார்" என்றுதான் பதில் வரும். எங்களுக்கு அப்படித் தாராளமாக வரச்சொன்ன ஒரு விடுதியில் வரவேற்பறைக்கே ஏழு படி இருந்தது. அதனால் இப்படிக் கேளுங்கள்: "பாத்ரூம் கதவுல டேப் வெச்சு ஒரு போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல அனுப்புங்க. வாசல்லருந்து ரூம் வரைக்கும் எத்தனை படி?" போட்டோ அனுப்புகிறவர்களிடம் போங்கள். அனுப்பாதவர்கள் கெட்டவர்கள் இல்லை, ஆனால் அங்கே போய்க் கண்டுபிடிக்க வேண்டியது நீங்கள்தான்.

பகல் பயணத்துக்குக் கையோடு கொண்டுபோக: மடக்கும் கமோடு நாற்காலி, உடனே எழுந்து நிற்கும் சின்னக் கூடாரம், தண்ணீர், பெரிய குப்பைப் பை. ஆண்களுக்கு யூரின் பாட்டில். கதீட்டர், அதாவது சிறுநீர்க் குழாய், பயன்படுத்துவோர் ஒரு செட் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். மலையில் மருந்துக்கடையில் உங்கள் அளவு கிடைக்கும் என்று நம்ப வேண்டாம்.

பார்வையற்றவருக்கு மலையில் என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது. மற்றவர்கள் போட்டோ எடுப்பதில் தவறவிடுவதெல்லாம் இருக்கிறது. மாசி, பங்குனி, சித்திரையில் நல்ல மழை ஒன்று பெய்து சில நாள் கழித்துக் காப்பிச் செடி மொத்தமாகப் பூக்கும். மல்லிகையை ஒத்த வாசனை, தோட்டத்துக்குள் நுழையும் முன்பே தெரியும். அந்தப் பூ சில நாளில் உதிர்ந்துவிடும், ஆகவே தோட்டக்காரர் யாராவது பழக்கமிருந்தால் சொல்லிவைத்துப் போங்கள். கார்த்திகை தாண்டினால் காப்பிப் பழம். ஒரு பழத்தை விரலால் பிதுக்கினால் வழுவழுவென்று இரண்டு கொட்டை வெளியே வரும். நாக்கில் வைத்தால் இனிப்பு. காப்பிக்கும் இந்தச் சுவைக்கும் என்ன சம்பந்தம் என்று எல்லோரும் கேட்பார்கள். சில்வர் ஓக் பட்டையில் கையை வைத்து மேலே கொண்டுபோனால் மிளகுக் கொடி பற்றியிருக்கும் இடம் தட்டுப்படும். இந்த மலையில் 1820-களில் காப்பியைக் கொண்டுவந்தவர் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன். அந்தக் கதையை நின்ற இடத்திலேயே சொல்லலாம்.

விடியற்காலையில் பறவைச் சத்தம். குக்குறுவான் ஒரே தாளத்தில் விடாமல் கத்தும், செம்போத்து உள்ளிருந்து அடிவயிற்றில் முழங்கும். மெர்லின் என்ற செயலி சத்தத்தைக் கேட்டுப் பறவையின் பெயரைக் காட்டும், போனின் திரைவாசிப்பான் அதைப் படித்துச் சொல்லும்.

அழைத்துப் போகிறவருக்கு: கையைப் பிடித்து இழுக்காதீர்கள். உங்கள் முழங்கைக்கு மேலே அவர் பிடித்துக்கொள்ளட்டும், நீங்கள் அரை அடி முன்னால் நடங்கள். உங்கள் உடம்பு இறங்குவதும் ஏறுவதும் அவருக்குத் தானாகத் தெரியும். "பாத்து, பாத்து" என்றால் எதைப் பார்ப்பது? "மூணு படி இறக்கம், வலதுபக்கம் கம்பி இருக்கு" என்று சொல்லுங்கள். காட்சியைச் சொல்வதும் அப்படியே. "சூப்பரா இருக்கு" என்பது விவரம் ஆகாது. லேடீஸ் சீட்டில் மாலை ஏழு மணிக்கு: "நமக்கு நேர் கீழே ஒரே இருட்டு, அது காடு. அதுக்கு அப்பால சேலம் முழுக்க மஞ்சளும் வெள்ளையுமா விளக்கு. நடுவுல ஒரு கோடு மட்டும் நகருது, அது மலை ஏறுற வண்டிங்க."

காது கேளாதோருக்கு?

நடமாட்டத்தில் தடை குறைவு, தகவலில் தடை அதிகம். பின்னால் வரும் வண்டியின் ஹாரன் கேட்காது என்பதால் சாலை ஓரமாக, வண்டிகள் எதிரே வரும் பக்கத்தில் நடங்கள். படகில் ஏறும் முன் நிறுத்துவது, திரும்புவது, ஆபத்து ஆகியவற்றுக்கு ஓட்டுநரோடு மூன்று கைச்சைகை பேசிவைத்துக்கொள்ளுங்கள்.

ஆட்டிசம் உள்ள பிள்ளையை அழைத்துப் போகலாமா?

போகலாம். பல பிள்ளைகள் வீட்டைவிட மலையில் அமைதியாக இருப்பதைப் பார்த்திருக்கிறோம். நாளைத் தேர்ந்தெடுப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மே மாதக் கோடை விழா, தொடர் விடுமுறை, ஞாயிறு மூன்றும் வேண்டாம். மைக் செட், வரிசை, பலூன் வெடிக்கும் சத்தம். போகும் முன் இடங்களின் படங்களை வரிசையாகக் காட்டுங்கள்: முதலில் கார், அப்புறம் வளைவு, அப்புறம் ஏரி, அப்புறம் சாப்பாடு. வரிசை மாறினால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

தண்ணீர் விஷயத்தில் மட்டும் கண்டிப்பு தேவை. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்குத் தண்ணீரின்மேல் தனி ஈர்ப்பு உண்டு, ஆளைவிட்டு விலகிப் போகும் வழக்கமும் சிலருக்கு உண்டு. ஏரிக்கரையில் "எல்லோரும் பார்த்துக்கொள்கிறோம்" என்றால் யாரும் பார்க்கவில்லை என்று அர்த்தம். அரை மணிக்கு ஒருவர் என்று பெயர் சொல்லிப் பொறுப்பைக் கைமாற்றுங்கள். பிள்ளையின் சட்டைக்குள் போன் நம்பர் எழுதிய துணியைத் தைத்துவிடுங்கள்.

குளிரும் வெயிலும் உடம்புக்கு ஒத்துக்கொள்ளுமா?

சேலம் வெயிலைவிட ஒத்துக்கொள்ளும். முதுகுத்தண்டின் மேல்பகுதியில் அடிபட்டவர்களுக்கு அடிபட்ட இடத்துக்குக் கீழே வியர்க்காது, அதனால் உடம்பு தானாகக் குளிராது. சித்திரை வெயிலில் சேலத்தில் அவர்கள் படும் பாட்டுக்கு ஏற்காடு மருந்துதான். கீழே இறங்கும்போது ஈரத்துண்டும் தண்ணீர் தெளிப்பானும் கைவசம் இருக்கட்டும்.

இரவில் நிலைமை தலைகீழ். கால் குளிர்வது அவர்களுக்குத் தெரியாது. அதைவிட மோசம், சுடுவதும் தெரியாது. விடுதிகளில் கேம்ப் ஃபயர் போடுவார்கள், ஆசையாக நெருங்கி உட்கார்ந்தால் முழங்காலில் கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். சுடுதண்ணீர்ப் பையும் அப்படித்தான். உணர்ச்சி உள்ள இன்னொருவர் தன் கையை அவர் காலருகே வைத்துப் பார்த்து, தூரத்தை முடிவு செய்யட்டும். மதிய வெயிலில் சுட்ட பாறையில் உட்கார வைக்காதீர்கள்.

குரங்குகளையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மடியில் தின்பண்டம் வைத்திருக்கும் வீல்சேர் ஆள்தான் அவற்றுக்கு முதல் குறி, ஏனென்றால் எழுந்து ஓடமாட்டார். பொட்டலத்தைப் பையில் போட்டு ஜிப்பை மூடுங்கள்.

"ராம்ப் இருக்கு" என்கிறார்கள். ஏன் ஏற முடியவில்லை?

படியின்மேல் சிமென்டைப் பூசிவிட்டு ராம்ப் என்று பெயர் வைத்துவிடுகிறார்கள். சரியான சாய்வு 12-க்கு 1. சுலபமாக நினைவு வைக்க: ஒரு அங்குல உயரத்துக்கு ஓர் அடி நீளம். ஏழு அங்குலப் படி ஒன்றுக்கு ஏழு அடி. மூன்று படி என்றால் 21 அடி. பார்த்தாலே தெரிந்துவிடும், மூன்று படிக்குப் பக்கத்தில் ஆறடி ராம்ப் இருந்தால் அது சறுக்குமரம். சந்தேகமாக இருந்தால் போனில் உள்ள மட்டம் பார்க்கும் கருவியைத் தரையில் வையுங்கள். ஐந்து டிகிரிக்கு மேல் காட்டினால் தள்ள ஆள் வேண்டும்.

செங்குத்தான ராம்ப்பில் இறங்கியே ஆகவேண்டும் என்றால் வீல்சேரைத் திருப்பி, பின்பக்கமாக இறக்குங்கள். நேராக இறக்கினால் உட்கார்ந்திருப்பவர் முன்னால் சரிந்து விழுவார். ஜல்லியிலும் மண்ணிலும் முன்சக்கரம் புதையும். முன்பக்கத்தைச் சற்றுத் தூக்கி, பெரிய சக்கரத்தில் மட்டும் உருட்டுங்கள், அல்லது திருப்பி இழுங்கள்.

ஒழுங்காகச் செய்தால் என்ன ஆகும் என்பதற்குச் சென்னையே சாட்சி. மெரினாவில் 2022 நவம்பர் 27 அன்று 263 மீட்டர் நீள மரப்பாதை திறந்தார்கள். வயதானவர்களும் வீல்சேர்காரர்களும் முதல்முறையாகத் தண்ணீர்ப் பக்கம் போய் அழுததை எல்லோரும் பார்த்தோம். இரண்டு வாரத்துக்குள் மாண்டஸ் புயல் அதில் ஒரு பகுதியைச் சேதப்படுத்தியது, சரிசெய்தார்கள். இயற்கையான இடத்தில் எதைக் கட்டினாலும் பராமரிப்புக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்க வேண்டும் என்பது அதில் தெரிந்தது. ஏரிக்கரையில் இதில் கால்வாசி நீளம் போதும்.

மலையேற்றம்? அது நமக்கெல்லாம் இல்லை, இல்லையா?

சேலம் மாவட்டத்துக்காரர் இப்படிக் கேட்கக் கூடாது. மாரியப்பன் தங்கவேலு நம் பெரியவடகம்பட்டிக்காரர். பாராலிம்பிக் உயரம் தாண்டுதலில் 2016 ரியோவில் தங்கம், டோக்கியோவில் வெள்ளி, 2024 பாரிஸில் வெண்கலம். செயற்கைக் காலோடு அருணிமா சின்ஹா எவரெஸ்ட் ஏறியது 2013-இல். எல்லோரும் எவரெஸ்ட் ஏறவேண்டியதில்லை, அரை கிலோமீட்டர் காட்டுப்பாதை போதும்.

தமிழ்நாடு வனத்துறை 2024 அக்டோபரில் 40 மலையேற்றப் பாதைகளை ஆன்லைன் பதிவோடு திறந்தது. எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்திருக்கிறார்கள். நல்ல வேலைதான், ஆனால் 'எளிது' யாருக்கு எளிது? கண் தெரியாதவர் வழிகாட்டியின் பைப் பட்டையைப் பிடித்துக்கொண்டு நடுத்தரப் பாதையில் ஏறிவிடுவார். ஒற்றை ஊன்றுகோல்காரர் எளிய பாதையிலும் ஈரக் களிமண்ணில் வழுக்குவார். பாதையின் அகலம், சாய்வு, தரை, எத்தனை தூரத்துக்கு ஓர் உட்காருமிடம் என்ற நான்கையும் எழுதிவிட்டால் போகலாமா வேண்டாமா என்று அவரவரே முடிவு செய்துகொள்வார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? யாரிடம் மனு கொடுப்பது?

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016. பொதுக் கட்டடங்களை அணுகத்தக்கதாக ஆக்குவது அதில் இருக்கிறது என்பது பலருக்குத் தெரியும். 29-ஆம் பிரிவு பொழுதுபோக்கைப் பற்றியே பேசுகிறது, வெளிப்புற முகாம்கள், சாகச விளையாட்டுகள் உட்பட. "முதல்ல ஸ்கூல், ஆஸ்பத்திரி பாப்போம், பார்க் அப்புறம்" என்று யாராவது சொன்னால் இந்தப் பிரிவைக் காட்டுங்கள்.

2024 நவம்பர் 8 அன்று ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம், அணுகல் விதிகள் வெறும் பரிந்துரையாக இருக்கக் கூடாது, கட்டாயமாக இருக்க வேண்டும் என்று சொல்லி மத்திய அரசுக்கு மூன்று மாதக் கெடு விதித்தது. மனுவில் இதையும் ஒரு வரி சேருங்கள்.

கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் கொடுக்கலாம். நகலை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலருக்கும் அனுப்புங்கள். நடவடிக்கை இல்லையென்றால் சென்னையில் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர் இருக்கிறார். "வசதி செய்து தரவும்" என்று பொத்தாம் பொதுவாக எழுதினால் அது கோப்பில் தூங்கும். "இன்ன பூங்கா நுழைவாயிலில் 8 அங்குலப் படி, 8 அடி நீள ராம்ப், இரண்டு பக்கமும் கைப்பிடி வேண்டும்" என்று போட்டோவோடு எழுதினால் அதைப் படிக்கும் பொறியாளருக்கே வேலை சுலபம்.

நான் எஸ்டேட் தங்கும் விடுதி வைத்திருக்கிறேன். பெரிய செலவில்லாமல் என்ன செய்யலாம்?

ஒரே ஓர் அறையை எடுத்துக்கொள்ளுங்கள், தரைத்தளத்தில். குளியலறைக் கதவை 36 அங்குலமாக்கி வெளிப்பக்கம் திறக்க வையுங்கள், டாய்லெட்டுக்குப் பக்கத்தில் கனமான கைப்பிடி ஒன்று, குளிக்க, கால்கள் வழுக்காத நாற்காலி ஒன்று. கட்டிலுக்கு ஒரு பக்கம் மூன்றடி இடம். வாசலிலிருந்து காப்பிச் செடி வரை ஜல்லிக்குப் பதில் கெட்டியான தரை, ஐம்பது அடி போதும். வேலை செய்யும் பையன்களுக்கு ஒன்று மட்டும் சொல்லிக்கொடுங்கள்: கேட்காமல் வீல்சேரைத் தொடக்கூடாது. முழங்கால் வலிக்கும் அப்பா அம்மாவோடு வருகிற குடும்பங்களும் அந்த அறையைத்தான் கேட்பார்கள், காலியாகக் கிடக்காது.

முதல்முறை. மலை வரை போகத் தயக்கமாக இருக்கிறதே?

அப்படியானால் கீழேயே தொடங்குங்கள். அடிவாரத்தில் குரும்பப்பட்டி உயிரியல் பூங்கா இருக்கிறது. கன்னங்குறிச்சி மூக்கனேரியில் தன்னார்வலர்கள் தூர்வாரிய மண்ணை ஏரிக்குள்ளேயே திட்டுகளாக்கி மரம் நட்டிருக்கிறார்கள், கரையில் இருந்தே பறவை பார்க்கலாம். மேட்டூர் அணைப் பூங்கா கொஞ்சம் தூரம். ஒரு முழுநாள் ஆகும். அரை நாள் வெளியே இருந்து பார்த்தால் எவ்வளவு நேரம் உட்கார முடிகிறது, எப்போது கழிப்பறை தேவை, எந்தப் பொருளை மறந்தீர்கள் என்பது தெரிந்துவிடும்.

போய்வந்த பிறகு ஏதாவது செய்ய வேண்டுமா?

கூகுள் மேப்பில் அந்த இடத்துக்குக் கீழே இரண்டு வரி எழுதுங்கள். "வீல்சேர் போகும்", "ரொம்ப கஷ்டம்" என்றெல்லாம் எழுத வேண்டாம், அதை வைத்து யாரும் ஒன்றும் முடிவு செய்ய முடியாது. "கார் நிறுத்துமிடத்திலிருந்து சுமார் 60 அடி, சிமென்ட் தரை, கடைசியில் 5 அங்குலப் படி ஒன்று, கழிப்பறைக் கதவு 27 அங்குலம், உள்ளே கைப்பிடி இல்லை, செவ்வாய்க் காலை 9 மணிக்குக் கூட்டம் இல்லை" என்று எழுதுங்கள். தேதியும் போடுங்கள், அடுத்த மழைக்குத் தரை மாறியிருக்கும்.